பத்து ஆண்டு திறந்திருக்கும் என்று எழுதித் தாருங்கள்

கானாடுகாத்தானிலிருந்து குன்றக்குடி வரை வழியில் உள்ள ஊராட்சிகளுக்கும், நிலக்காரர்களுக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

பெரியோர்களுக்கு வணக்கம்.

ஆத்தங்குடிக்குப் போகும் பழைய வண்டிப்பாதையில், கண்மாய்க் கரை இறங்கும் இடத்தில் ஒரு சுமைதாங்கிக் கல் நிற்கிறது. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருக்கிறார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் பக்கத்தில் ஆள் இல்லாமலே சுமையை இறக்கி வைக்கவும், திரும்பத் தூக்கிக்கொள்ளவும் தோதான உயரம். எத்தனையோ மூட்டைகள் உரசி மேற்கல்லின் விளிம்பு வழவழப்பாகிவிட்டது. எழுத்து இருந்த இடத்தைத் தடவினால் ‘உபயம்’ என்ற ஒரு சொல் மட்டும் விரலில் தட்டுப்படுகிறது. யாருடைய உபயம் என்பது தேய்ந்துபோயிற்று. பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக இப்படிக் கல் நடுவது நம் பக்கத்து வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். போன மாசியில் நாங்கள் அந்த வழியே நடந்தபோது கல்லின் பாதி சீமைக் கருவேல முள்ளுக்குள் இருந்தது. அரிவாளால் முள்ளை வெட்டிக் கல்லை வெளியே கொண்டுவர எட்டுப் பேருக்கு ஒரு காலைப்பொழுது ஆயிற்று.

அந்த எட்டுப் பேரில் நான் ஒருத்தி. ஓய்வு பெற்ற ஆசிரியை. செட்டிநாடு ரயில் நிலையத்தில் இறங்கி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பிள்ளையார்பட்டி வழியாகக் குன்றக்குடி மலையடிவாரம் வரை, தார்ச்சாலையை முடிந்த மட்டும் விட்டு விலகி, பழைய தடங்களிலேயே இரண்டு பகலில் நடக்கிறோம். இந்த வழிக்கு நாடு தழுவிய அங்கீகாரம் கேட்டு மத்திய சுற்றுலா அமைச்சகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. விண்ணப்பத்தை டெல்லிக்கு அனுப்பும் முன்னால் உங்கள் வாசலுக்கு வந்திருக்கிறோம். உங்கள் கையெழுத்து இல்லாத விண்ணப்பத்தை அனுப்ப எங்களுக்கு மனமில்லை.

அமெரிக்காவில் 1968 அக்டோபர் 2 அன்று தேசிய நடைவழிகளுக்கென்றே ஒரு சட்டம் கையெழுத்தானது. அதன்கீழ் மக்கள் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பயன்படும் வழிகளுக்குத் தேசியப் பொழுதுபோக்கு வழி என்ற தகுதியைத் தருகிறார்கள். இன்று அப்படி 1,300 வழிகளுக்கு மேல் இருக்கின்றன. விண்ணப்பிக்கிறவர்களிடம் அங்கே கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. வழி பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும். ஒழுங்காகப் பராமரிக்கப்பட வேண்டும். நிலத்துக்கு உரியவர்கள் சம்மதிக்க வேண்டும். தகுதி கிடைத்த பிறகு குறைந்தது பத்து ஆண்டு தொடர்ந்து திறந்திருக்கும் என்று உறுதி தர வேண்டும். படித்தபோது அந்தப் பத்து ஆண்டு என்ற சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரு வழியின் பெருமையை அதன் அழகை வைத்து அளக்காமல், அதை மூடமாட்டோம் என்று பக்கத்தில் இருப்பவர்கள் கொடுக்கும் வாக்கை வைத்து அளக்கிறார்கள்.

நம் நாட்டில் நடைவழிகளுக்கென்று அப்படி ஒரு சட்டம் இன்னும் வரவில்லை. ஆகவே எங்கள் விண்ணப்பம் இரண்டு காரியத்தைக் கேட்கும்: அப்படி ஒரு பட்டியல் வேண்டும், அதில் நம் வழி முதலில் இடம்பெற வேண்டும். அதைக் கேட்கும் தகுதி நமக்கு இருக்கிறது. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில், அதாவது உலகப் பாரம்பரியத் தகுதிக்கு முன்மொழியக் காத்திருக்கும் இடங்களின் பட்டியலில், இருக்கின்றன. தமிழ்நாடு வனத்துறை 2024இல் நாற்பது மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. அவற்றில் ஒன்றுகூட நம் சிவகங்கை மாவட்டத்தில் இல்லை. மலையும் காடும் உள்ளவர்களுக்கே நடை என்று ஆகிவிட்டது. தை மாதம் பிறந்தால் காவடியைத் தோளில் வைத்துக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிறவர்கள் நாம். பூசம் முடிந்து நடந்தே ஊர் திரும்புகிறவர்களும் நம்மில் உண்டு. நடையைப் பற்றி யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இங்கே வருகிறவர்கள் என்ன பார்க்கிறார்கள்? காரில் வந்து, பெரிய வீடுகளின் முகப்பைப் படமெடுத்து, பட்டாலைக் கூடத்தில் பத்து நிமிடம் நின்று, தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். வீடு மட்டுமா செட்டிநாடு? கூரையில் விழுந்த மழை வளவு என்ற நடுமுற்றத்துக்குள் இறங்கி, தெரு வடிகாலில் ஓடி, ஊரணிக்குப் போய்ச் சேருவதை நடந்து பார்த்தால்தான் இந்த ஊர்களை வகுத்தவர்களின் மூளை புரியும். ஒரு தெருவில் முன்வாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக ஒரே வீடு நீண்டு கிடப்பதைக் காருக்குள் இருந்து உணர முடியாது. ஆத்தங்குடிக் கல்லும் அப்படித்தான். கண்ணாடித் தகட்டின் மேல் வார்ப்பை வைத்து, அதற்குள் வண்ணச் சாந்தைக் கரண்டியால் ஊற்றுகிறவரின் மணிக்கட்டு ஆடாமல் நிற்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பிறகு சிமெண்டும் மணலும் இட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து, கண்ணாடியைப் பிரிக்கும்போது பளபளப்பு தானாக வெளிப்படுகிறது. நடந்து களைத்து வந்தவர் அங்கே உட்காருவார். அவசரத்தில் வந்தவர் விலை கேட்பார்.

உங்களில் சிலருக்கு அச்சம் இருப்பது தெரியும். கண்மாய்க்குக் கீழே ஒரு தோட்டக்காரர் பாதைக்குக் குறுக்கே கம்பிவேலி போட்டிருந்தார். கோபத்தோடுதான் அவரிடம் போனேன். அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மரத்தடியைக் காட்டினார். உடைந்த மதுப்புட்டிகள். அவருடைய வெள்ளாடு ஒன்று காலில் கண்ணாடி ஏறி, புண் ஆறாமல் செத்துப்போயிருக்கிறது. “நடக்கிறவங்களை நான் தடுக்கலைம்மா, வண்டியில வந்து குடிக்கிறவங்களைத்தான்” என்றார். அவர் சொன்னது நியாயம். இந்த வழியில் மோட்டார் வண்டி எதுவும் ஏறாதபடி இரண்டு முனையிலும் கல் நடவேண்டும் என்பதை அவருக்காகவே எங்கள் கோரிக்கையில் சேர்த்திருக்கிறோம். ஆள் நுழையும் இடைவெளி விட்டு வேலியை மாற்றிக்கொள்ள அவரும் ஒப்புக்கொண்டார்.

நிலம் பறிபோகுமோ என்று கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் அந்தத் தகுதி கிடைத்ததால் நிலம் கைமாறுவதில்லை, உரியவரிடமே இருக்கிறது. நம் விண்ணப்பத்திலும் அதை முதல் பத்தியிலேயே எழுதுவோம். தவிரவும் இந்த வழியில் பெரும்பகுதி யாருடைய பட்டாவும் அல்ல. ஊர் நிலங்களின் வருவாய்ப் பதிவான அ-பதிவேட்டில் வண்டிப்பாதைப் புறம்போக்கு என்றே இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் எடுத்துக் காட்டுவார். சில கண்மாய்க் கரைகள் நீர்வளத்துறையைச் சேர்ந்தவை, சிறியவை ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவை. அவர்களிடமும் எழுதிக் கேட்போம்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டோம். பொதுவழி என்றால் எல்லாருக்கும் வழி. எந்தத் தெருவில் பிறந்தவரும், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரும், செருப்பணிந்தோ சைக்கிளில் ஏறியோ தலைநிமிர்ந்து போக வேண்டும். இதில் யாருக்காவது தயக்கம் இருந்தால் அந்த ஊர் கையெழுத்திட வேண்டாம். நாங்கள் சுற்றிக்கொண்டு போகிறோம்.

இன்னொன்று, சிமெண்டுக் கல் பதிக்க வேண்டாம். செம்மண் தடம் செம்மண்ணாகவே இருக்கட்டும். முள் வெட்டுவதும், மழைக்காலத்தில் அரிப்பை அடைப்பதும், நடுவழியில் இரண்டு இடத்தில் குடிதண்ணீரும், பெண்களுக்குக் கழிப்பறையும் போதும். முள் வெட்டும் வேலையை ஆண்டுக்கு இரண்டு முறை நாங்களே செய்கிறோம்.

பத்து ஆண்டு வாக்கு என்பது நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. திருப்பத்தூர் பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகள் மிரளக்கூடாது என்று தலைமுறை தாண்டித் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பட்டாசுக்காக அழும் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு ஊரே அப்படி இருக்க முடியுமானால், ஒரு பாதையை மூடாமல் இருக்க நம்மால் முடியும்.

வரும் அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாக வையுங்கள். கானாடுகாத்தான் பேரூராட்சி என்பதால் அங்கே மன்றத்தின் தீர்மானம் வேண்டும். தீர்மானத்தில் இரண்டு வரி போதும்: எங்கள் எல்லைக்குள் இந்த வழி எல்லாருக்கும் திறந்திருக்கும், பத்து ஆண்டுக்கு மூடப்படாது. பட்டா நிலம் வழியாகப் போகும் இடங்களில் அந்தந்தக் குடும்பத்தின் சம்மதக் கடிதத்தைத் தனியாக வாங்கிக்கொள்கிறோம். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பங்காளிகளின் முகவரியை மட்டும் நீங்கள் தந்து உதவ வேண்டும்.

கூட்டத்துக்கு நாங்கள் கிராம வரைபடத்தில் வழியைச் சிவப்பு மையில் குறித்து எடுத்து வருகிறோம். அ-பதிவேட்டை நீங்கள் எடுத்து வையுங்கள். அந்தச் சுமைதாங்கிக் கல்லை வைத்த குடும்பம் எது என்று ஊரில் மூத்த ஆச்சிகள் யாருக்காவது தெரிந்திருந்தால், அன்றைக்கு அவர்களையும் அழைத்து வாருங்கள். அந்தப் பெண்ணின் பெயரை விண்ணப்பத்தில் எழுத வேண்டும்.

அன்புடன்,
உங்கள் பாதையில் நடக்கும் எட்டுப் பேருக்காக,
ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருத்தி