இத்தாலிய இலக்கியம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு அந்நியமன்று

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் வெளிநாட்டு உயர்கல்வி குறித்து வந்த கட்டுரையையும், அதையொட்டி வெளியான வாசகர் கடிதங்களையும் படித்தேன். இத்தாலிக்குச் செல்லும் மாணவர்கள் பொறியியலோ மேலாண்மையோ படிப்பதே அறிவுடைமை என்றும், அந்நாட்டின் இலக்கியத்தையும் பண்பாட்டையும் திரைப்படத்தையும் பல்கலைக்கழகத்தில் படிப்பது வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகளுக்கே கட்டுப்படியாகும் என்றும் ஒரு கடிதம் கூறியிருந்தது. இராமநாதபுரம் கடற்கரையில் நெடுங்காலம் கல்லூரித் தமிழாசிரியராக இருந்தவன் என்ற முறையில் இக்கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. எங்கள் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் தங்கள் வாழ்க்கையை இத்தனை நெருக்கத்தில் காணக்கூடிய அயல்நாட்டு இலக்கியம் வேறொன்றை நான் அறியேன்.

இத்தாலிய எழுத்தாளர் ஜியோவான்னி வெர்கா 1881-இல் எழுதிய ‘இ மாலவோலியா’ என்னும் நாவலின் களம், சிசிலித் தீவில் உள்ள ஆச்சி திரெட்சா என்ற மீனவ ஊர். கடனுக்கு வாங்கிய சரக்கோடு படகு புயலில் சிக்குகிறது. வீட்டின் மகன் மாண்டுபோகிறான். சரக்கு போன பின்னும் கடன் மட்டும் நிற்கிறது. முடிவில் வீடும் கைவிட்டுப் போகிறது. இந்நாவலைத் தழுவி இயக்குநர் லுக்கினோ விஸ்கோந்தி 1948-இல் எடுத்த ‘லா தெர்ரா த்ரேமா’ திரைப்படத்தில் தொழில்முறை நடிகர்கள் இல்லை. அவ்வூர் மக்களே தங்கள் பேச்சு வழக்கிலேயே நடித்தார்கள். விடியற்காலையில் கரைக்கு வரும் மீனுக்கு வியாபாரிகள் அடிமாட்டு விலை சொல்வதைப் பொறுக்காத அந்தோனி என்னும் இளைஞன் அவர்களுடைய தராசுகளைத் தூக்கிக் கடலில் எறிகிறான். பிறகு வீட்டை அடகு வைத்துச் சொந்தமாகத் தொழில் தொடங்குகிறான். ஒரு பருவம் நெத்திலி அள்ளிக் கொடுக்கிறது. குடும்பமே உட்கார்ந்து பீப்பாய்களில் உப்பிட்டு அடுக்குகிறது. அடுத்து வந்த புயலில் படகு உடைய, உப்பிட்ட நெத்திலி முழுவதையும் அதே வியாபாரிகளுக்கு அவர்கள் கேட்ட விலைக்கே கொடுக்க நேர்கிறது.

இப்படத்தை ஒருமுறை கல்லூரியில் திரையிட்டு, ஆங்கிலத் துணைவரிகளைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். தராசு கடலில் விழுந்தபோது வகுப்பே கைதட்டியது. தங்கச்சிமடத்து மாணவர் ஒருவர் மட்டும், “எறிஞ்சுட்டான் சரி சார், வாங்குன முன்பணத்துக்கு என்ன பதில் சொல்லுவான்?” என்று கேட்டார். நாட்டுப்படகுக்கும் வலைக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர், பிடித்த மீனை அவரிடமே, அவர் போடும் விலைக்கே கொடுக்க வேண்டியிருக்கும் நடைமுறையை வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவரிடமிருந்துதான் இக்கேள்வி வரும். படத்தின் பின்பாதி முழுவதும் அதற்கான விடையாகவே அமைந்திருக்கிறது. திரைப்படத் திறனாய்வு படித்த எவருக்கும் குறையாத கூர்மை அந்த மாணவரிடம் இருந்தது. அதை வளர்த்தெடுக்கும் படிப்புதான் அவருக்கு எட்டும் தொலைவில் இல்லை.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். 1861-இல் இத்தாலி ஒரே அரசாக அமைந்தபோது, கவிஞர் தாந்தே எழுதிய பிளாரன்ஸ் நகரப் பேச்சு வழக்கின் வழியே வளர்ந்த எழுத்துமொழியைப் பேசக்கூடியவர்கள் சிறு பகுதியினரே. ஏனையோர் தத்தம் வட்டார மொழியையே பேசினார்கள். விஸ்கோந்தியின் படத்தில் மீனவர்கள் பேசுவது மற்ற இத்தாலியருக்கு விளங்காது என்பதால் பொதுமொழியில் பின்னணி விளக்கம் சேர்க்கப்பட்டது. இந்த இடைவெளியை அங்குள்ள இலக்கியத் துறைகள் குறையாகக் கருதி ஒதுக்காமல் முறையாகப் பாடமாக்கியிருக்கின்றன. நேப்பிள்ஸ் வட்டார மொழியில் நாடகம் எழுதிய எடுவார்தோ தெ பிலிப்போ அங்கே பெரும் எழுத்தாளராகவே போற்றப்படுகிறார். வடகடல், தென்கடல், வாடை, கச்சான் என்று காற்றையும் நீரையும் நுட்பமாகப் பேசத் தெரிந்த எங்கள் மாணவர்கள், வகுப்பறைக்குள் அப்பேச்சுக்குக் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொள்வதை எத்தனையோ முறை பார்த்து வருந்தியிருக்கிறேன்.

இத்தாலி என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவர் வீரமாமுனிவர். அவரைப் போற்றுகிறோமே ஒழிய, தேம்பாவணியில் இத்தாலியக் காவிய மரபின் சாயல் எங்கெங்கே உள்ளது என்று மூல மொழியோடு ஒப்பிட்டு ஆராய, அம்மொழியை ஆழக் கற்றவர்கள் நம்மிடையே மிகச் சிலரே.

செலவைப் பற்றிய அச்சம் நியாயமானது. ஆயினும் முழு விவரமும் மக்களுக்குச் சென்று சேரவில்லை. இத்தாலியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் பெரும்பாலும் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. வருமானம் குறைந்த வெளிநாட்டு மாணவர்களும் அங்குள்ள மாநில அரசுகளின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். போலோஞா பல்கலைக்கழகம் 1971-இலேயே கலை, இசை, நாடகம், திரைப்படம் ஆகியவற்றுக்கெனத் தனிப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. பெருஜாவில் வெளிநாட்டினருக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. நம் நாட்டிலேயே தில்லிப் பல்கலைக்கழகத்தில் இத்தாலியம் கற்பிக்கப்படுகிறது. உண்மையான தடை மொழிதான். இத்தாலிய வழியில் நடக்கும் படிப்புகளுக்கு நல்ல மொழித்தேர்ச்சி வேண்டும். அதைப் பெற இம்மாவட்டத்து மாணவர்கள் ஊரைவிட்டுப் போய்த்தான் ஆக வேண்டியிருக்கிறது. படிப்பு முடிந்ததும் வேலை காத்திருக்கும் என்று நான் உறுதி கூறமாட்டேன். மொழிபெயர்ப்பு, துணைவரி எழுதுதல், கற்பித்தல், சுற்றுலா என வழிகள் இருக்கின்றன. அவை முயன்று தேடிக்கொள்ள வேண்டியவை.

எனவே, இம்மாவட்டக் கலைக் கல்லூரிகளில் இத்தாலிய இலக்கியமும் திரைப்படமும் ஒரு விருப்பப் பாடமாகவேனும் இடம்பெற, கல்லூரிகளை இணைத்துக்கொண்டுள்ள அழகப்பா பல்கலைக்கழகம் வழிசெய்ய வேண்டும். அடிப்படை மொழி வகுப்பை இணைய வழியிலாவது உடன் நடத்த வேண்டும். தங்கள் கல்விப் பக்கமும் இத்தகைய படிப்புகளுக்கான உதவித்தொகை விவரங்களையும் விண்ணப்பக் காலத்தையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டுகிறேன். ‘லா தெர்ரா த்ரேமா’வை எந்தக் கல்லூரியாவது திரையிட முன்வந்தால், ஆங்கில வரிகளைக் கொண்டு தமிழ்த் துணைவரிகளை நானே எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.