பொதுநலக் குழுச் செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பொங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

இரத்ததானம், உணவு வங்கி, சாலையோரத் துப்புரவு மூன்றும் வழக்கம்போல் நடந்தன. விவரம் பொருளாளரின் கணக்கில் இருக்கிறது. இந்த அறிக்கையின் பெரும்பகுதி வேறொன்றைப் பற்றியது. வட கரோலினாவில் நம் கவுண்டிக்கு (மாவட்டம் போன்ற உள்ளாட்சி) ஓபியாய்டு வழக்குகளை முடித்துக்கொண்ட மருந்து நிறுவனங்கள் கட்டும் செட்டில்மென்ட் பணத்தை எதற்குச் செலவிடலாம் என்று ஆலோசனை சொல்லும் குடிமக்கள் குழுவில், நம் சங்கத்தின் பரிந்துரையில் நான் உட்கார்ந்த முதல் ஆண்டு இது.

"ஓபியாய்டுன்னா கஞ்சாவா தம்பி?" என்று ஊரிலிருந்து வந்திருந்த பெரியவர்கள் சிலர் கேட்டார்கள். இல்லைங்க, அபின் வகை. டாக்டர் எழுதித் தரும் ஆக்சிகோடோன் போன்ற வலி மாத்திரைகளில் தொடங்கி, ஹெராயினுக்குப் போய், இப்போது ஃபென்டனில் என்ற மிகக் கடுமையான செயற்கை ஓபியாய்டில் வந்து நிற்கிறது. அமெரிக்கா முழுவதும் போதைமருந்து மிகையால், அதாவது அளவுக்கு மீறி எடுத்ததால், இறந்தவர்கள் 2023இல் ஏறத்தாழ 1,05,000 பேர். 2024இல் அது 80,000 அளவுக்கு இறங்கியது. இறங்கியதில் மகிழ்ச்சிதான். ஆனால் அந்த 80,000 பேரும் யாரோ பெற்ற பிள்ளைகள்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2022 பிப்ரவரியில் மெக்கெசன், கார்டினல் ஹெல்த், அமெரிசோர்ஸ்பெர்கன் என்ற மூன்று மொத்த மருந்து விநியோக நிறுவனங்களும் ஜான்சன் அண்ட் ஜான்சனும் வலி மாத்திரைகளைக் கட்டுப்பாடில்லாமல் பரவவிட்டதாகத் தங்கள்மீது மாநிலங்களும் உள்ளாட்சிகளும் போட்ட வழக்கை 26 பில்லியன் டாலருக்கு முடித்துக்கொண்டன. விநியோகஸ்தர்களின் பங்கு 21 பில்லியன். அதை 18 ஆண்டுகளில் தவணையாகக் கட்டுவார்கள். வால்மார்ட், சிவிஎஸ், வால்கிரீன்ஸ் என்ற மருந்துக்கடைகளும் டேவா, அலர்கன் என்ற மருந்து தயாரிப்பாளர்களும் பிறகு சேர்ந்தன. வட கரோலினாவுக்கு மொத்தம் ஏறத்தாழ ஒன்றரை பில்லியன். அதில் 85 சதவீதம் நேராக உள்ளாட்சிகளுக்குப் போகிறது. மாநிலம் 15 சதவீதம்தான் வைத்துக்கொள்கிறது. ஆகவே மாநிலத் தலைநகர் ராலேயில் யாரையும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை, நம் கவுண்டிக் கட்டடத்தின் இரண்டாம் மாடிக்குப் போனால் போதும். ஆக்சிகோடோன் மாத்திரை தயாரித்த பர்டூ ஃபார்மாவின் 7.4 பில்லியன் டாலர் திட்டத்துக்கும் 2025 நவம்பரில் நீதிமன்றம் ஒப்புதல் தந்துவிட்டது.

எங்கள் குழு ஆலோசனை மட்டும்தான் சொல்லும், கையெழுத்துப் போடுவது கவுண்டி ஆணையர்கள். ஆனால் அவர்களாலும் இஷ்டத்துக்குச் செலவழிக்க முடியாது. மாநில ஒப்பந்தப்படி இந்தப் பணம் தனி நிதிக் கணக்கில் இருக்க வேண்டும். செலவுக்கு முன் தீர்மானம் போட வேண்டும். அந்தத் தீர்மானத்தில் எந்த வேலைக்கு, எவ்வளவு தொகை, எந்தக் காலத்துக்கு என்று இருக்க வேண்டும். நிதியாண்டு முடிந்து 90 நாளுக்குள் கணக்கு கொடுக்க வேண்டும், அதை எல்லோரும் பார்க்கலாம். ஆண்டுக்கு ஒருமுறையாவது நகராட்சிகளை அழைத்துப் பொதுக்கூட்டம் நடத்தவும் வேண்டும். படிக்கக் கொட்டாவி வரும் விதிகள்தான். புகையிலை நிறுவனங்களுடன் 1998இல் போட்ட ஒப்பந்தத்தில் 46 மாநிலங்களுக்கு வந்த பணத்தில் பெரும்பகுதி பட்ஜெட் ஓட்டைகளை அடைக்கப் போனதை நினைத்தால் கொட்டாவி நின்றுவிடும். வருடாந்திரப் பொதுக்கூட்டத்துக்கு நம் பக்கமிருந்து வந்தவர்கள், என்னையும் சேர்த்து, மூன்று பேர். தீபாவளி விழா டிக்கெட்டுக்கு நின்ற வரிசையை நான் மறக்கவில்லை.

ஒப்பந்தத்தில் 'ஏ' பட்டியல், 'பி' பட்டியல் என்று இரண்டு உண்டு. 'ஏ'வில் 12 வேலைகள். அவற்றை நேரடியாகத் தொடங்கலாம். 'பி' நீளமான பட்டியல். அதிலிருந்து எடுக்க வேண்டுமானால் ஊரைக் கூட்டித் திட்டமிடும் பணியை முதலில் முடிக்க வேண்டும்.

இங்கே என் தவறு ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். முதல் இரண்டு கூட்டங்களிலும் நான் பள்ளிகளில் விழிப்புணர்வுச் சுவரொட்டி, பேச்சுப்போட்டி என்றே பேசிக்கொண்டிருந்தேன். நமக்குத் தெரிந்த வேலை, போட்டோவும் நன்றாக வரும். எனக்கு எதிரே ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். மகனை இழந்தவர். கோபப்படாமல் ஒன்றுதான் கேட்டார்: "என் மகன் ஜெயிலிலிருந்து வெளியே வந்த வாரம், உங்கள் சுவரொட்டி அவனுக்கு என்ன சொல்லியிருக்கும்?"

அன்றிரவு வீட்டுக்கு வந்து படித்தேன். 2000 முதல் 2015 வரை வட கரோலினா சிறைகளிலிருந்து வெளிவந்தவர்களைப் பற்றி ஓர் ஆய்வு இருக்கிறது. விடுதலையான முதல் இரண்டு வாரத்தில் ஓபியாய்டு மிகையால் அவர்கள் இறக்கும் வாய்ப்பு, மற்றவர்களைவிட 40 மடங்கு. உள்ளே இருந்த காலத்தில் உடம்பின் தாங்குதிறன் குறைந்துவிடுகிறது. வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடுகிறது. சிறைக்குள்ளேயே இந்தப் பழக்கத்துக்கான சிகிச்சை மருந்துகளான புப்ரெனார்ஃபினோ மெத்தடோனோ கொடுத்து, வெளியே வரும்போது அது விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது 'ஏ' பட்டியலில் உள்ள வேலைதான். மூன்றாவது கூட்டத்தில் என் கை அதற்குத்தான் உயர்ந்தது. குழுவும் அதையே முதல் பரிந்துரையாக அனுப்பியது. இரண்டாவது, மீண்டு வருபவர்களுக்கான தங்குமிடம்.

கவுண்டி ஏற்கெனவே வரிப்பணத்தில் செய்துவரும் ஒரு செலவை இந்தக் கணக்குக்கு மாற்றலாமா என்ற பேச்சும் ஒருமுறை வந்தது. வேலை நல்ல வேலைதான். ஆனால் பணம் இடம் மாறுமே தவிர, புதிதாக ஒருவருக்கும் சிகிச்சை கிடைக்காது. எதிர்த்து வாக்களித்தேன், ஒரே வாக்கில் தோற்றோம். ஆணையர்கள் அதை இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை.

நம் சங்கத்துக்குள் நடந்ததற்கு வருகிறேன். ஓபியாய்டு மிகையால் அடங்கும் மூச்சை மீட்கும் மருந்தான நலாக்சோனைப் பயன்படுத்தும் பயிற்சியை முதலில் தமிழ்ப்பள்ளி முடிந்ததும் வைத்தோம். யாரும் நிற்கவில்லை. அடுத்தமுறை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வைத்தோம், அரங்கு நிறைந்தது. அந்த மூக்குத் தெளிப்பான் 2023 மார்ச்சிலிருந்து சீட்டில்லாமல் கடையில் விற்க அனுமதிக்கப்பட்ட ஒன்று. மயங்கிக் கிடப்பவர் உடம்பில் ஓபியாய்டு இல்லாவிட்டாலும் அது அவருக்குக் கெடுதல் செய்யாது. அடித்த பிறகும் 911க்குக் கூப்பிட்டே ஆக வேண்டும். மருந்தின் வேகம் தணிந்ததும் மூச்சு மறுபடி அடங்கலாம். கோடையில் காரில் வைக்காதீர்கள்.

தமிழில் ஒரு துண்டுப்பிரசுரம் தயாரித்தோம். 'போதை அடிமை' என்ற சொல்லை வைத்துக்கொள்வதா என்று ஒரு முழு மாலை வாக்குவாதம். கடைசியில் எடுத்துவிட்டோம். பிரசுரம் வந்த வாரத்தில் உறுப்பினர் ஒருவர் தொலைபேசினார்: "நம்ம பிள்ளைகளுக்கு இதெல்லாம் வராதுங்க, சங்கத்துக்கு எதுக்கு இந்த வம்பு?" அதே வாரம் இன்னொருவர் கூப்பிட்டார். பேர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஞானப்பல் எடுத்தபோது மகளுக்குக் கொடுத்த மாத்திரைகளில் மீதி அலமாரியில் இருந்ததாம், இப்போது எண்ணினால் குறைகிறதாம். நாற்பது நிமிடம் பேசினோம். இரண்டு அழைப்புகளையும் இந்த அறிக்கையில் எழுதலாம் என்று செயற்குழு ஒப்புக்கொண்டது.

மீதி மாத்திரைகளைப் போட மருந்துக்கடையிலும் காவல் நிலையத்திலும் பெட்டி உண்டு. இன்று வீட்டுக்குப் போனதும் அலமாரியைத் திறந்து பாருங்கள்.

பயிற்சிக்கு இடம் தந்த கோயில் நிர்வாகத்துக்கும், பிரசுரத்தைப் பிழை திருத்திய தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்கும், சாப்பாட்டைப் பதினைந்து நிமிடம் தாமதமாகப் பரிமாறச் சம்மதித்த சமையல் குழுவுக்கும் நன்றி.

வேலை மாறி வேறு மாநிலம் போவதால், மார்ச்சுக்குப் பிறகு ஆலோசனைக் குழுவில் என் இடம் காலியாகும். பேர் கொடுக்க விரும்புபவர்கள் தலைவரிடம் சொல்லலாம். கூட்டம் மாலை ஆறு மணிக்கு. வாகன நிறுத்தம் இலவசம், காபி சுமார்தான். ஜெயில் சிகிச்சைக்கான தீர்மானம் இன்னும் ஆணையர்கள் மேசையில் இருக்கிறது. அதில் தொகையை எழுத வேண்டிய இடம் நிரப்பப்படவில்லை.

இப்படிக்கு,
செயலாளர், பொதுநலக் குழு