அது பம்பாயில் கட்டிய கப்பல், ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழ் பயணக் கட்டுரையில், இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் நிற்கும் எச்.எம்.எஸ். டிரிங்கோமலி என்ற பழைய போர்க்கப்பலை "இங்கிலாந்தில் கட்டிய பழைய மரக்கப்பல், அரை மணி நேரம் போதும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. நான் திருகோணமலையில் பிறந்தவன், எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய கப்பல் அது. அதைக் கட்டியது பம்பாயில், ஜம்சேட்ஜி பொமன்ஜி வாடியா என்ற பார்சி கப்பல் கட்டுநர், மலபார் தேக்கில். கடலில் இறங்கிய வருடம் 1817. உங்களுக்குத் தெரியாத விஷயமா இது?

இங்கிலாந்தில் கப்பல் கட்டிய ஓக் மரத்தின் அமிலம் இரும்பு ஆணியை அரித்துவிடும், தேக்கில் அந்தத் தொல்லை குறைவு. கடற்படைத் தளபதி நெல்சனின் விக்டரி என்ற கப்பல் 1922 முதல் போர்ட்ஸ்மவுத்தில் தண்ணீரில்லாத உலர்துறையில் நிற்கிறது, அதனால் தண்ணீரில் மிதக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் மூத்தது எங்கள் பம்பாய்க் கப்பல்தான். இன்னொன்றும் சொல்கிறேன். இதன் முதல் வரைபடங்களை ஏற்றிவந்த ஜாவா என்ற பிரிட்டிஷ் கப்பலை 1812-ல் பிரேசில் கடலோரம் அமெரிக்காவின் கான்ஸ்டிடியூஷன் என்ற போர்க்கப்பல் தோற்கடித்தது, வரைபடமும் போயிற்று, மறுபடி அனுப்ப வேண்டி வந்தது. அந்தக் கான்ஸ்டிடியூஷனும் இன்று பாஸ்டனில் காட்சிக்கு இருக்கிறது!

அரை மணி நேரம் எப்படிப் போதும்? கீழ்த்தட்டில் நிமிர்ந்து நடக்க முடியாது, உத்தரம் தலையில் இடிக்கும், அந்த இடுக்கில்தான் மாலுமிகள் தொங்கு படுக்கையில் தூங்கினார்கள். என் பேத்தி அந்த உத்தரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு நகரவே மறுத்தாள். இதற்காகத்தானே சனங்கள் போகிறார்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த மாதிரியைப் பார்க்கவா?

உங்கள் பத்திரிகையில் பழைய கப்பல் என்றாலே செலவுக் கணக்குதான் முதலில் வரும். 1805 டிராஃபல்கர் கடற்போரில் பிரெஞ்சுப் பக்கம் நின்று, பின்னர் பிரிட்டன் கைப்பற்றிய இம்ப்ளாக்கபிள் என்ற கப்பலையும் பராமரிக்கப் பணமில்லை என்றுதான் 1949-ல் பிரிட்டன், பிரான்ஸ் இரு நாட்டுக் கொடிகளையும் ஏற்றி வெடிவைத்து மூழ்கடித்தார்கள், அப்புறம்தான் ஊரே வருந்தியது. இந்தியாவின் பழைய விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தை 2014-ல் உடைக்க எடுத்தபோதும் நீங்கள் துணுக்குச் செய்திதான் போட்டீர்கள். அப்போது வருத்தப்பட்டு நான் எழுதிய கடிதம் வெளிவரவே இல்லை, பதிலும் இல்லை. இத்தனை வருட வாசகனுக்கு அது வலிக்காதா?

சரி, நான் கேட்பது ஒரு வரித் திருத்தம்தான். அடுத்த இதழில் "பம்பாயில், ஜம்சேட்ஜி பொமன்ஜி வாடியா கட்டியது" என்று போடுங்கள். பெயரை முழுசாகப் போடுங்கள்.

அன்புடன்,
திருகோணமலையைச் சேர்ந்த வாசகன்,
இங்கிலாந்து