கரண்ட் வரும்போதுதான் பயமாக இருக்கிறது

எங்கள் பகுதி மின் பிரிவு அலுவலகப் பொறியாளர் அவர்களுக்கு,

வணக்கம். வைகைக்கு வடகரையில், வேப்பமரத்தை ஒட்டிய கம்பத்திலிருந்து இணைப்பு வாங்கியிருக்கும் தெரு எங்களுடையது. எந்தக் கம்பம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் புகார்ப் பதிவேட்டில் அதற்கென்றே ஒரு பக்கம் ஒதுக்கிவிடலாம்.

போன வாரம் காற்றும் மழையுமாக அடித்தபோது கரண்ட் போனது. அதைப் பற்றிக் குறையில்லை. 2012-ல் பகலெல்லாம் கரண்ட் இல்லாமல் விசிறிமட்டையோடு உட்கார்ந்திருந்த ஊர்தானே இது. திரும்பி வந்தபோதுதான் வினை. எங்கள் வீட்டு ஃபேன் பிய்த்துக்கொண்டு சுற்றியது. எதிர்வீட்டில் குண்டு பல்பு அழுது வடிந்தது. அடுத்த நிமிடம் டிவிக்குப் பின்னால் 'டப்'பென்று ஒரு சத்தம், கருகல் நாற்றம்.

மோடத்துக்கென்றே 12 வோல்ட் குட்டி யூபிஎஸ் ஒன்று வாங்கி வைத்திருந்தோம். கரண்ட் இல்லாத நேரமெல்லாம் பாடுபட்டு நெட்டைக் காப்பாற்றிய அந்த ஜீவன், கரண்ட் வந்ததும் செத்தது. மகளுக்கு அன்று ராத்திரி ஷிப்ட், வீட்டிலிருந்தே வேலை. வீட்டுக்குள் செல்போன் சிக்னல் நிற்காது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பும் தலைக்கு மேல் குடையுமாக ஹாட்ஸ்பாட்டில் வேலையை முடித்தாள். குடையைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்.

மறுநாள் வந்த லைன்மேன் தம்பி நல்ல பிள்ளை. "நியூட்ரல் கட்டாயிருச்சுக்கா" என்றவர், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் பொதுக் கம்பி விட்டுப்போயிருந்தது என்றவர், கம்பத்தில் ஏறி அதை முறுக்கிவிட்டு இறங்கினார். போகும்போது "ஒரு ஸ்டெபிலைசர் வாங்கிப் போட்ருங்க" என்று யோசனையும் சொன்னார். எத்தனைக்கு ஐயா போடுவது? ஃபிரிட்ஜுக்கா, டிவிக்கா, மோட்டாருக்கா, செல்போன் சார்ஜருக்கா?

உங்களுக்குத் தெரியாததல்ல. நியூட்ரல் அறுந்தால், வெவ்வேறு பேஸில், அதாவது கம்பத்தில் வரும் மூன்று கரண்ட் கம்பிகளில் வெவ்வேறு கம்பியில் இருக்கும் வீடுகள், இரண்டு பேஸுக்கு இடையிலுள்ள 400 வோல்ட்டை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுக்கொள்கின்றன. சாமான் குறைவாக ஓடும் வீட்டுக்கு வோல்ட்டேஜ் கூடுதலாக வந்து விழுகிறது. சிக்கனமாக ஒரு ஃபேனும் ஒரு லைட்டும் போட்டவருக்குத்தான் தண்டனை. அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்தால் தானாக விழும் சுவிட்சான எம்சிபி இருக்கிறதே என்றால், அது ஆம்பியரைப் பார்க்குமே தவிர வோல்ட்டேஜைப் பார்க்காது. 230 வோல்ட்டில் 6 சதவீதம் கூடலாம், குறையலாம் என்பது விதி. விதியை நாங்களும் படித்திருக்கிறோம்.

கேட்பது ஒன்றுதான். அந்த நியூட்ரல் ஜாயிண்டை நிரந்தரமாகச் சரிசெய்யுங்கள். கையால் முறுக்கிவிடுவது வேண்டாம். பழைய துண்டை வெட்டி எடுத்துவிட்டு, முறையான கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். டிரான்ஸ்பார்மரில் நியூட்ரலை மண்ணோடு இணைக்கும் எர்த் சரியாக இருக்கிறதா என்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அழகர் எப்போது ஆற்றில் இறங்குவார் என்று பஞ்சாங்கத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். எங்கள் நியூட்ரல் எப்போது இறங்கும் என்று எதைப் பார்ப்பது? கட்டணம் கட்ட ஒரு நாள் தாமதமானால் பியூஸைப் பிடுங்க ஆள் வருகிறது. ஜாயிண்ட் போட மட்டும் 'மெட்டீரியல் வரணும்' என்கிறார்கள். தெருவே சேர்ந்து ஒரு கிளாம்ப் வாங்கித் தரட்டுமா என்று கேட்டால் கோபித்துக்கொள்வீர்கள்.

கோபித்துக்கொள்ள வேண்டாம். போன டிவிக்கும் யூபிஎஸ்ஸுக்கும் நாங்கள் நஷ்டஈடு கேட்கவில்லை. அடுத்த மாதாந்திரப் பராமரிப்பு நாளில் எங்கள் கம்பத்தையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். காலையிலிருந்து சாயங்காலம்வரை கரண்டை நிறுத்தினாலும் சம்மதம். முதல் நாளே சொல்லிவிட்டால் பிளக்கையெல்லாம் பிடுங்கி வைத்துவிடுகிறோம். அந்த நியூட்ரலை மட்டும் சரிசெய்து கொடுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வேப்பமரத்துக் கம்பத்து மின் நுகர்வோரில் ஒருத்தி