பனிமலைச் சாலையில் மூங்கில் கழிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நார்வே நாட்டின் பனி படர்ந்த கிராமப்புறத்தில் ஒரு நாள் உலா சென்றுவந்த வாசகி ஒருவர் எழுதிய கட்டுரையைத் தங்கள் ஞாயிறு இணைப்பில் படித்தேன். வெண்பனியின் அழகை அவர் மனமாரப் போற்றியிருக்கிறார். அதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆயினும், அந்தப் பனிக்குள் வாகனம் எவ்வாறு பத்திரமாகப் போய்த் திரும்புகிறது என்பதைப் பற்றி அவர் ஒரு வரிகூட எழுதவில்லையே என்ற குறை, தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நேட்டால் மாகாணத்தில் வாழும் எனக்கு ஏற்பட்டது. அதற்குக் காரணம் உண்டு.

2024 செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை. மறுநாள் புரட்டாசி முதல் சனி என்பதால், என் தம்பி குடும்பத்தினர் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து காரில் டர்பனுக்குப் புறப்பட்டு வந்துகொண்டிருந்தனர். கடும் பனி பெய்யும் என்ற வானிலை எச்சரிக்கை முன்பே வெளியாகியிருந்தும், அவர்களை எந்த இடத்திலும் எவரும் நிறுத்தவில்லை. ஹாரிஸ்மித்தைத் தாண்டி வான் ரீனன் கணவாயை நெருங்கும்போது என்-3 நெடுஞ்சாலை முற்றிலும் அடைபட்டுப்போனது. முன்னே லாரிகள், பின்னே லாரிகள். சாலை எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்பதே தெரியவில்லை என்று தம்பி சொன்னான். பூஜைக்கு வாங்கிய வாழைப்பழத்தைத் தின்று, குழந்தைகளைப் புடவையால் சுற்றி, விடியும்வரை காரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பனியில் ஒரு பெண்மணி உயிரிழந்தார் என்பது செய்தியாகவே வந்தது.

இந்த நினைவோடுதான், கடந்த ஜனவரி இறுதியில், ஓஸ்லோவில் பணிபுரியும் என் மகளுடன் நார்வேயின் மலைப்பகுதிக்குச் சென்றேன். யெய்லோ என்ற ஊரில் இரவு தங்கி, மறுநாள் ஹர்டாங்கர்விடா பீடபூமியைக் கடந்து, கடலோரத்திலுள்ள எய்ட்ஃபியோர்டுக்குப் போய், அன்றே திரும்புவது எங்கள் திட்டம். ஒருவழித் தொலைவு சுமார் 90 கிலோமீட்டர்தான். வண்டியை ஓட்டியவர், பல்லாண்டுகளாக அங்கேயே வாழும் யாழ்ப்பாணத்து அன்பர். காலை ஒன்பது மணியளவில்தான் பொழுது விடிந்தது. அந்த நீல வெளிச்சத்தில் மரங்கள் குறைந்து, வேலிகள் மறைந்து, இறுதியில் கூரைகள் மட்டும் பனிக்குமேல் தெரிந்தன.

ஹௌகஸ்தோல் என்னுமிடத்தில் சாலையின் குறுக்கே தடுப்புக் கம்பம் இறங்கியிருந்தது. மேலே காற்று பலமாக வீசியதால், வாகனங்களைத் தனித்தனியே விடாமல், பனி வாரும் வண்டிக்குப் பின்னால் வரிசையாக அழைத்துச் செல்வார்கள் என்றனர். ஏறத்தாழ ஒரு மணி நேரம் காத்திருந்தோம். ஊழியர் ஒருவர் ஒவ்வொரு வண்டியாக வந்து, எரிபொருள் எவ்வளவு இருக்கிறது, கம்பளி உடை இருக்கிறதா என்று கேட்டார். தக்க உடையோ தகுந்த டயரோ இல்லாதவர்களைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் அவர்களுக்கு உண்டாம். "ஐயா, சப்பாத்துக்குள்ள கம்பளிக் காலுறை போட்டிருக்கிறியளோ எண்டும் கேக்கிறார்" என்று நம் அன்பர் மொழிபெயர்த்தபோது, அறுபத்தெட்டு வயதில் பள்ளிப் பிள்ளையைப்போல் காலைத் தூக்கிக் காட்டினேன்.

சுமார் 1,250 மீட்டர் உயரத்தை எட்டும் அந்தச் சாலையில், முன்னே சுழலும் மஞ்சள் விளக்கைத் தவிர வேறெதுவும் தெரியாத நேரங்கள் இருந்தன. அப்போது துணையாக இருந்தவை சாலையின் இருமருங்கும் சீரான இடைவெளியில் நட்டிருந்த கழிகள். அவற்றில் பல வெறும் மூங்கில், ஆளுயரத்தையும் தாண்டியவை, மேற்பகுதியில் விளக்கொளி பட்டால் மின்னும் பட்டை சுற்றப்பட்டவை. பனி வாரும் ஓட்டுநருக்கும் பின்னால் வருபவருக்கும் சாலையின் எல்லையைக் காட்டுபவை அவைதாம். 182 மீட்டர் வீழும் வோரிங்ஸ்ஃபோசன் அருவி பாதி உறைந்து தொங்கியதையும் அன்று பார்த்தோம். அழகுதான். எனினும் ஊர் திரும்பியபின் என் கண்ணில் நிற்பவை அந்த மூங்கில் கழிகளே.

நார்வேக்காரர்களுக்கு மாதக்கணக்கில் பனி. நமக்கோ ஆண்டில் சில நாள்கள். ஆகவே அவர்களைப்போல் பனி வாரும் வண்டிகளை இங்கே வாங்கி வைக்கச் சொல்வது பேதைமை. ஆனால் கணவாயின் இருபுறமும், திரும்பிச் செல்ல இடமுள்ள இடத்தில், ஒரு தடுப்புக் கம்பம் வைத்து, எச்சரிக்கை வந்த மாத்திரத்தில் அதை இறக்குவதற்கு என்ன பெரிய செலவு ஆகிவிடும்? கழிகளுக்கு வேண்டிய மூங்கிலோ நம் நேட்டால் கரையோரத்திலேயே விளைகிறது. மலைக்குச் செல்வோருக்காக நார்வேயில் வகுத்துள்ள ஒன்பது விதிகளுள் ஒன்று, காலத்தோடு திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கமில்லை என்கிறது. திரும்பச் சொல்வதற்கு அங்கே சாலையில் ஆள் நிற்கிறார்.

சென்ற புரட்டாசிக்குத் தம்பி குடும்பத்தினர் விமானத்தில் வந்து சேர்ந்தார்கள். நால்வருக்கு ஆன கட்டணத்தைக் கேட்டபின், அடுத்த ஆண்டும் அப்படியே வாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.