தேறிய மகனைப் பற்றித் தோழிக்கு எழுதியது

அன்புள்ள மீனாட்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகன் மறுபடி வேலைக்குப் போகிறான், இரவில் தூங்குகிறான், தம்பியோடு பழையபடி பேசுகிறான் என்று நீ எழுதியிருந்ததைப் படித்து மனம் நிறைந்தது. இங்கே எல்லோரும் நலம். கண்புரை அறுவைக்குப் பிறகு எனக்குப் படிப்பது மீண்டும் சுலபமாகியிருக்கிறது. பேத்தி கல்லூரியில் உளவியல் எடுத்திருப்பதால், அவளுக்காக என் பழைய பாடக்குறிப்புகளைத் தேடியெடுத்துப் புரட்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான் உன் கேள்வி வந்தது.

எண்ணங்களைத் திருத்தும் பேச்சுச் சிகிச்சையால் பையன் மனச்சோர்விலிருந்து தேறினான், அப்படியானால் அவனுடைய எண்ணங்கள்தான் நோய்க்குக் காரணம், அந்த எண்ணங்களை அவனுக்குள் வளர்த்தவள் நான்தானே என்று கேட்டிருந்தாய். இந்த மூன்றில் முதலாவதை, அவன் அந்தச் சிகிச்சையின் துணையோடு தேறினான் என்பதை, நான் மனமார ஏற்கிறேன். அதிலிருந்து இரண்டாவதற்குத் தாவ முடியாது. இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்குப் போக வழியே கிடையாது. ஒரு சிகிச்சை பலிக்கிறதா என்பதும், அந்தச் சிகிச்சைக்கு அடிப்படையாகச் சொல்லப்படும் விளக்கம் மெய்யா என்பதும் இரு வேறு கேள்விகள். ஒன்றுக்குக் கிடைத்த சான்றை மற்றொன்றின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

உன் மகனுக்குக் கொடுத்த சிகிச்சையை உருவாக்கிய ஆரோன் பெக், அமெரிக்காவின் பிலடெல்பியாவில், உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த பிராய்டின் வழியில் பயிற்சி பெற்ற மனநல மருத்துவர். பிறர்மீது காட்ட முடியாத கோபம் தன்மீதே திரும்புவதுதான் மனச்சோர்வு என்ற பிராய்டியக் கொள்கையை உறுதிசெய்துகொள்ளவே அவர் தம் நோயாளிகளின் கனவுகளை ஆராயத் தொடங்கினார். எதிர்பார்த்த கோபம் அந்தக் கனவுகளில் தென்படவில்லை; இழப்பும் தோல்வியும் ஒதுக்கப்படுதலுமே திரும்பத் திரும்ப வந்தன. சான்றை வளைத்துக் கொள்கையைக் காப்பாற்றும் வேலையில் அவர் இறங்கவில்லை, கொள்கையையே கைவிட்டார். இதற்காகவே அவர்மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. தன்னைப் பற்றியும் உலகைப் பற்றியும் எதிர்காலத்தைப் பற்றியும் இருண்டுபோன எண்ணங்களே மனச்சோர்வின் மையம் என்ற விளக்கத்துக்கு அவர் வந்தது அதன் பிறகுதான்.

ஆனால் சோர்ந்திருப்பவரிடம் அத்தகைய எண்ணங்கள் இருப்பதைக் காட்டிவிட்டால் மட்டும் அவை காரணமாகிவிடுமா? காய்ச்சலில் உடம்பு சுடுகிறது, அந்தச் சூடே காய்ச்சலை உண்டாக்கியது என்று யாரும் சொல்வதில்லை. எண்ணம் முந்தியதா, சோர்வு முந்தியதா என்று அறிய, நோய் வருவதற்கு முன்பே ஆட்களைப் பார்த்து வைக்க வேண்டும். அமெரிக்காவில் டெம்பிள், விஸ்கான்சின் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த லாரன் அலாய், லின் ஆப்ராம்சன் ஆகியோரின் குழு அதைத்தான் செய்தது. சோர்வு இல்லாத முதலாண்டு மாணவர்களை அவர்களுடைய எண்ணப்போக்கின்படி பிரித்துப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தபோது, எதையும் தன் குறையாகவே பார்க்கும் போக்குள்ளவர்களுக்குப் பின்னர் மனச்சோர்வு வந்தது கூடுதலாக இருந்தது. பெக்கின் விளக்கத்துக்கு இது வலுவான ஆதரவு. ஆயினும் அதே போக்குள்ள பலருக்கு அது வரவேயில்லை. ஆகவே எண்ணப்போக்கை நோய்க்கு இடம் கொடுக்கும் ஒரு பலவீனம் என்று சொல்லலாமே தவிர, அதுவே முழுக் காரணம் என்று சொல்ல முடியாது. லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களை ஆராய்ந்த ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிஸும் 1978-இல் எழுதியதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மனம்விட்டுப் பேச நெருங்கிய துணை இல்லாமை, வேலையின்மை, வீட்டில் மூன்று அல்லது அதற்கு மேல் சிறுபிள்ளைகள், பதினோரு வயதுக்குள் தாயை இழந்தது ஆகிய நிலைகளில் இருந்த பெண்களை ஒரு பெரிய இடர் வந்து தாக்கும்போது சோர்வு எளிதில் பற்றிக்கொண்டது. இவை எதுவும் அந்தப் பெண்கள் தவறாக எண்ணியதால் வந்தவை அல்ல.

இனி, என்னை மிகவும் யோசிக்க வைத்த ஆய்வுக்கு வருகிறேன். பெக்கின் சிகிச்சையில் பல பகுதிகள் உண்டு: அன்றாடச் செயல்களை மெல்ல மீட்டெடுக்கச் செய்வது ஒன்று, தானாக எழும் எண்ணங்களைக் கேள்வி கேட்கப் பழக்குவது மற்றொன்று, ஆழத்தில் ஊறிப்போன நம்பிக்கைகளை மாற்றுவது இன்னொன்று. சியாட்டில் நகரில் நீல் ஜேக்கப்சன் குழுவினர் சுமார் 150 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் செயல்களை மீட்கும் பகுதியை மட்டும், இரண்டாம் பிரிவுக்கு அதோடு எண்ணங்களைக் கேள்வி கேட்பதையும், மூன்றாம் பிரிவுக்கு முழுச் சிகிச்சையையும் கொடுத்தார்கள். விளக்கம் முழுவதும் சரியாக இருந்தால் மூன்றாம் பிரிவு முந்தியிருக்க வேண்டும். 1996-இல் வெளிவந்த முடிவில் மூன்று பிரிவும் ஒன்றுபோலவே தேறியிருந்தன. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் அப்படியே. அதைவிட வியப்பு, எண்ணங்களைத் தொடாமல் செயலை மட்டும் மீட்டவர்களுக்கும் எண்ணங்கள் அதே அளவுக்குத் தெளிந்திருந்தன. காலையில் எழுந்து குளிப்பதும் நண்பனைப் பார்க்கப் போவதும் விட்டுப்போன வேலையை ஒரு மணி நேரமாவது செய்வதும், விவாதத்தின் உதவி இல்லாமலேயே எண்ணத்தை மாற்றின என்றால், எண்ணமே வேர் என்ற கூற்றை எவ்வளவு நிதானத்தோடு ஏற்க வேண்டும் என்று பார். சிகிச்சையின் மதிப்பு இதனால் சிறிதும் குறையவில்லை. அது ஏன் பலிக்கிறது என்பதற்கான காரணம்தான் இடம் மாறியது.

நம் நாட்டில், செயல்களை மீட்கும் இந்த எளிய பகுதியை வைத்தே கோவாவில் விக்ரம் படேலும் அவரோடு உழைத்தவர்களும் ஒரு சோதனை நடத்தினார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த கடும் சோர்வுள்ளவர்களோடு, மனநலப் படிப்பு எதுவும் இல்லாமல் பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர்க்காரர்கள் ஆறு முதல் எட்டு முறை உட்கார்ந்து பேசினார்கள். 2017-இல் வெளியான முடிவுப்படி, மூன்று மாதத்தில் இந்த உதவி பெற்றவர்களில் 64 விழுக்காட்டினரும், மேம்படுத்தப்பட்ட வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 விழுக்காட்டினரும் சோர்வு நிலையிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். அந்த 39-ஐக் கவனி. ஒப்பிட இன்னொரு குழு இல்லாதிருந்தால் 64-உம் சிகிச்சையின் பெருமையாகவே எண்ணப்பட்டிருக்கும். உளவியலாளர் ஹான்ஸ் ஐசெங்க் 1952-இல் எழுப்பிய கேள்வியும் இதுவே. நரம்புத்தளர்ச்சி என்று அன்று சொல்லப்பட்ட நிலையில் இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் உளச்சிகிச்சை இல்லாமலே இரண்டு ஆண்டுகளில் தேறுகிறார்கள், பிறகு சிகிச்சையால் விளைந்த பயன் என்ன என்று அவர் கேட்டார். அவருடைய கணக்கில் பிழைகள் உண்டு என்று பலர் காட்டினார்கள். 375 ஆய்வுகளைத் தொகுத்து மேரி ஸ்மித்தும் ஜீன் கிளாஸும் 1977-இல் தந்த முடிவு, சிகிச்சை பெற்ற சராசரி ஆள் பெறாதவர்களில் முக்கால்வாசிப் பேரைவிட மேலான நிலையில் இருக்கிறார் என்பது. ஆனாலும் ஐசெங்க் கேட்ட கேள்வி சரியான கேள்வி.

உன் மூன்றாவது படிதான் என்னை வருத்தியது, மீனாட்சி. ஏனென்றால் அம்மாக்கள்மீது பழியைப் போட்ட ஒரு விளக்கம் ஒரு தலைமுறைக்கு மேலாக எத்தனையோ வீடுகளைச் சிதைத்திருக்கிறது. 1948-இல் மனநல மருத்துவர் பிரீடா பிரோம்-ரைக்மான் மனச்சிதைவு நோயைப் (ஸ்கிசோஃப்ரினியா) பற்றி எழுதும்போது, அன்பில்லாமல் அடக்கியாளும் தாயே அந்நோயை உண்டாக்குகிறாள் என்ற கருத்தைப் பரப்பினார். மருத்துவர்கள் நோய் வந்த பிறகு குடும்பத்தைப் பார்த்தார்கள், கலங்கிப்போய் எல்லாவற்றிலும் தலையிடும் தாயைப் பார்த்தார்கள், அதையே காரணம் என்றார்கள். நோயற்ற பிள்ளைகளின் தாய்மாரோடு முறையாக ஒப்பிடும் வேலை பின்தங்கியே கிடந்தது. 1966-இல் லெனர்டு ஹெஸ்டன் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், மனச்சிதைவு நோயுள்ள தாய்மாருக்குப் பிறந்து சில நாட்களிலேயே பிரிக்கப்பட்டு வேறிடத்தில் வளர்ந்த 47 பேரைத் தேடிப் பார்த்தார். அவர்களில் ஐந்து பேருக்கு அந்நோய் வந்திருந்தது; அதேபோல் பிரிந்து வளர்ந்த, ஆனால் தாய்க்கு அந்நோய் இல்லாத 50 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. வளர்க்காத தாயின் வளர்ப்பு எப்படிக் காரணமாகும்? வீட்டுச் சூழல் பொருட்டல்ல என்று இதற்குப் பொருள் இல்லை. ஓயாத குறைகூறலும் அளவுமீறிய பதற்றமும் உள்ள வீட்டுக்குத் திரும்புவோருக்கு நோய் மறுபடி தலைகாட்டுவது கூடுதல் என்றும், குடும்பத்தாருக்கு விளக்கிச் சொல்லிப் பழக்கினால் அது குறைகிறது என்றும் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. வேலூரில் வீட்டாரையும் நோயாளியோடு தங்கவைத்துச் சிகிச்சை தரும் பழைய வழக்கம் குடும்பத்தைத் துணையாகக் கருதியது. நோயின் போக்கை மாற்ற உதவக்கூடியவர் நோயை உண்டாக்கியவராக இருக்க வேண்டிய அவசியமில்லை.

குழந்தைப் பருவத்தில் கொடுமைக்கும் புறக்கணிப்புக்கும் ஆளானவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மை, அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். ஆனால் மதிப்பெண் குறைந்தபோது கடிந்துகொண்டதையும், கூட்டுக்குடும்ப நெருக்கடியில் அவனோடு போதுமான நேரம் உட்கார முடியாமல் போனதையும் நீ அந்தக் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை. நீ அவனை வளர்த்த விதத்தைக் கண்ணால் கண்டவள் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

அமர்வுகளை இப்போதே நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தாய். மிதமான, கடுமையான சோர்வுக்கு இந்தச் சிகிச்சை மாத்திரைக்கு ஈடாகப் பலித்ததையும், முடித்தவர்களுக்கு நோய் திரும்புவது, மாத்திரையை நிறுத்தியவர்களைவிடக் குறைவாக இருந்ததையும் 2005-இல் வந்த ஓர் அமெரிக்கச் சோதனை காட்டியது. அங்கே எல்லோருக்கும் அந்தப் பலன் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. ஆகவே அவனாகவோ நீயாகவோ முடிவெடுக்க வேண்டாம். சோர்வை அளக்கும் கேள்வித்தாளில் முதல் நாள் அவன் பெற்ற மதிப்பெண் என்ன, இன்று என்ன, அறிகுறி திரும்பினால் முதலில் தெரிவது எது, அப்போது யாரை அழைப்பது என்று அவனுடைய உளவியலாளரிடம் அவனையே கேட்கச் சொல். அவன் மாத்திரையும் எடுக்கிறானா என்று நீ எழுதவில்லை. எடுத்தால், மனநல மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. அதைத் தெரிந்துகொண்டு அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
கற்பகம்