கேபி டக்ளஸுக்கு ஒரு கடிதம்

அன்புத் தங்கை கேபிக்கு,

2012 ஆகஸ்ட் 2 அன்று லண்டன் ஒலிம்பிக்கில் நீ அமெரிக்காவுக்காக ஜிம்னாஸ்டிக்ஸ் தங்கம் வென்றதை டிவியில் பார்த்தவள் நான். உனக்கு எழுத வேண்டும் என்று பல வருஷமாக நினைத்துக்கொண்டே இருக்கிறேன். 62.232 புள்ளிகள், ரஷ்யாவின் விக்டோரியா கோமோவாவைவிட 0.259 மட்டும் கூட. ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் தனிநபர் ஆல்ரவுண்ட் (எல்லாப் பிரிவுகளின் புள்ளிகளையும் கூட்டிப் பார்க்கும் போட்டி) தங்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண் நீ. 14 வயதில் வர்ஜீனியாவில் அம்மாவை விட்டுவிட்டு அயோவா போய், யாரோ ஒரு குடும்பத்தோடு தங்கிப் பயிற்சி எடுத்து, 16 வயதில் அங்கே வந்து நின்றாய்.

அப்புறம் பேச்செல்லாம் உன் தலைமுடியைப் பற்றி. ஜெல் தடவி, இழுத்து வாரி, கிளிப் குத்திய முடி. நெற்றியோரத்தில் வியர்வை பட்டுச் சுருண்டு எழும்பியிருந்தது. யாராவது இந்தப் பெண்ணுக்குத் தலை வாரிவிடக் கூடாதா என்று கேட்டவர்களில் நிறையப் பேர் கறுப்பினப் பெண்கள்தான்.

அவர்களுக்கு வயிற்றெரிச்சல் என்று சொல்லி ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை. சனிக்கிழமை ராத்திரி அடுப்பில் இரும்புச் சீப்பைக் காயவைத்து, சூடு படாமலிருக்க மகளின் காதை மடக்கிப் பிடித்து, மறுநாள் சர்ச்சுக்காகச் சுருட்டை முடியை நேராக நீட்டிவிட்ட அம்மாக்கள் வளர்த்த பெண்கள் அவர்கள். அந்த அம்மாக்களின் பயத்துக்குக் காரணம் உண்டு. 1786லேயே லூசியானாவை ஆண்ட ஸ்பானிய ஆளுநர் மீரோ, அடிமைகளாக இல்லாத கறுப்பினப் பெண்களும் தலையைத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு போட்டார். 2014ல்கூட அமெரிக்க ராணுவம் கறுப்பினப் பெண்கள் போடும் சில பின்னல்களைத் தடை செய்து, எதிர்ப்புக்குப் பிறகுதான் இறங்கிவந்தது. முடியை வைத்து வேலையிலும் பள்ளியிலும் ஒதுக்கக் கூடாது என்று கலிஃபோர்னியா சட்டம் போட்டதே 2019ல். ஒருத்தியின் முடி கலைந்தால் எல்லோருக்கும் பேர் கெடும் என்று பழகிப்போன பயம் அது.

சரி, அந்தப் பயத்தை ஒரு சின்னப் பெண் மேலா இறக்கிவைப்பது? நீட்டிய முடி வியர்வை பட்டால் பழையபடி சுருண்டுவிடும் என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவர்கள் அவர்கள்தானே. அதுதான் எனக்கு ஆறவே இல்லை. அதே நாட்களில் உனக்காகச் சண்டைக்கு வந்தவர்களும் கறுப்பினப் பெண்கள்தான், நீ அவர்களையும் பார்த்திருப்பாய் என்று நம்புகிறேன்.

2024ல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் இதே பேச்சு. பஸ்ஸில் ஏசி இல்லை, 45 நிமிஷப் பயணம் என்று உன்னைப் போலவே கறுப்பின ஜிம்னாஸ்டான சிமோன் பைல்ஸ் தன் முடிக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. படித்ததும் உன் நினைவுதான் வந்தது. அன்று ராத்திரி லண்டனில் நீ தரையில் செய்த அந்த ஃப்ளோர் சுற்றின் வீடியோவைத் தேடிப் போட்டேன். ஒவ்வொரு தாவலுக்கும் முன்னால் மூலையில் ஒரு நொடி மூச்சை இழுத்துக்கொண்டு நிற்கிறாயே, அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.

அன்புடன்,
உன் அக்கா ஒருத்தி